கெடு உண்டு, வரிசை இல்லை

கொடைக்கானலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



கொடைக்கானலில் சைக்கிள் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் கண்ணில் படும். ஒன்று ஏரிக்கரை. மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி அது. சுற்றிவரும் சாலை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர், பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. வாடகைச் சைக்கிளில் மகளை உட்காரவைத்துப் பின்னாலேயே ஓடிவரும் தகப்பன்மாரை அங்கே தினமும் பார்க்கலாம். இன்னொன்று மலைப்பாதை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோட்டில் நின்றால், சமவெளியிலிருந்து வந்தவர்கள் தலைக்கவசத்தை இறுக்கிக்கொண்டு மேலே கிளம்புவது தெரியும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சைக்கிள் அன்றாட வாகனமாக இருப்பது அபூர்வம், சரிவு விடாது.

ஏரிக்கரையில் சுற்றுபவர் ஆசைக்கு ஓட்டுகிறார், மலைப்பாதையில் ஏறுபவர் ஜெயிக்க ஓட்டுகிறார் என்று மேலோட்டமாகப் பிரித்துவிடலாம். அந்தப் பிரிவினை சரியா என்பதுதான் இன்றைய பேச்சு. என் கேள்வி நீண்டகாலத்தைப் பற்றியது. ஒரு வாரமோ ஒரு வருஷமோ அல்ல, இருபது வயதில் ஏறியவர் அறுபதிலும் இறங்காமல் ஓட்ட எது காரணமாகிறது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டி ஆளை வேகமாக்கும். ஆனால் வரிசை எண்ணை நம்பி ஓட்டியவர்கள் சீக்கிரம் இறங்கிவிடுகிறார்கள். வெறும் சந்தோஷத்தை மட்டும் நம்பியவர்களும் மழைக்காலம் வந்தால் சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிடுகிறார்கள். நிலைப்பவர்களுக்கு ஒரு கெடு இருக்கிறது. இன்ன இடத்துக்கு இன்ன நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான். யாருக்கு முன்னால், யாருக்குப் பின்னால் என்ற கணக்கு அதில் இல்லை.

நம் ஊர்க் காட்சி ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வளர்ந்தவர்கள் நாள்கணக்கில் இறங்காமல் சைக்கிள் விடுபவரைப் பார்த்திருப்பார்கள். பொட்டலின் நடுவில் ஒரு கம்பம், அதில் குழல்விளக்கும் கூம்பு ஒலிபெருக்கியும். சைக்கிளில் ஏறியவர் ஏழு நாளோ பத்து நாளோ கீழே கால் ஊன்றமாட்டார். சாப்பாடு, குளியல், சவரம் எல்லாம் சைக்கிள் மேலேதான். இரவில் கூட்டம் கூடும். ஹேண்டில்பாரில் படுத்தபடி ஓட்டுவார், குனிந்து தரையில் கிடக்கும் கைக்குட்டையை எடுப்பார், மார்பில் டியூப்லைட்டை உடைப்பார்கள். சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். மறுநாள் ஊர்ப் பையன்கள் எல்லாரும் மணிக்கணக்கு வாடகைக்குச் சைக்கிள் எடுத்து, பாருக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த மனிதரின் மூன்றாம் நாள் மத்தியானத்தை நினைத்துப் பாருங்கள். வெயிலில் பொட்டல் காலியாக இருக்கும். கைதட்ட ஆள் இல்லை. பக்கத்தில் முந்த எதிராளியும் இல்லை. அப்போதும் சக்கரம் உருண்டுகொண்டே இருக்கும். பிழைப்பு ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த மத்தியானத்தைத் தாண்டவைத்தது ஊர் முன்னால் கொடுத்த வாக்கு: ஏழாம் நாள் சாயங்காலம்தான் இறங்குவேன் என்ற கெடு. நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டுகிற எல்லாருக்கும் அப்படியொரு மத்தியானம் வருகிறது. கூட்டத்தை நம்பி ஓட்டுபவர் அங்கேதான் இறங்குகிறார்.

போட்டிக்கு உள்ள சக்தியைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. மனிதரின் ஊக்கத்தை அளக்கும் சோதனைகளில் மிகப் பழையது ஒன்று சைக்கிள் பந்தயத்தில்தான் பிறந்தது. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நார்மன் டிரிப்ளெட் என்பவர் 1897ஆம் ஆண்டுப் பந்தயப் பதிவேடுகளைப் புரட்டினார். தனியாகக் கடிகாரத்தோடு ஓடியவர்களைவிட, முன்னால் ஒருவர் வழிகாட்டி ஓட்ட ஓடியவர்களும் ஒருவரோடொருவர் மோதி ஓடியவர்களும் வேகமாக ஓடியிருந்தார்கள். முன்னால் போகிறவர் காற்றை மறைப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவருக்கே தெரியும். அதனால் காற்றே குறுக்கிடாத ஒரு வேலையைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்: தூண்டில் உருளையைச் சுற்றுவது. தனியாக ஒரு தரம், இன்னொரு குழந்தையோடு ஒரு தரம். 1898இல் வெளியான அந்த ஆய்வில் நாற்பது குழந்தைகளில் இருபது பேர் போட்டியில் வேகமானார்கள். பத்துப் பேருக்குப் பெரிய வித்தியாசமில்லை. மீதிப் பத்துப் பேர் பதறி, கை குழறி, மெதுவாகிவிட்டார்கள். அந்த முதல் இருபது பேரைப் பற்றித்தான் உலகம் நூறு வருஷத்துக்கு மேலாகப் பேசுகிறது. எனக்குக் கடைசிப் பத்துப் பேர் மேல்தான் கவலை.

அவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டந்தோறும் அரசு நடத்தும் மிதிவண்டிப் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். பதின்மூன்று, பதினைந்து, பதினேழு வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள்; வயதையும் பிரிவையும் பொறுத்துப் பத்து முதல் இருபது கிலோமீட்டர். இந்தியாவில் செய்த சாதாரணச் சைக்கிள்தான் கொண்டுவரவேண்டும் என்பது விதி. அருமையான விதி அது; பணக்கார வீட்டுப் பிள்ளை கியர் சைக்கிளில் வந்து பரிசை அள்ளிக்கொண்டு போக முடியாது. பத்தாவதாக வருகிறவர் வரைக்கும் பரிசும் உண்டு. ஆனால் முப்பதாவதாக வருகிற பிள்ளையும் அதே தூரத்தை மிதித்துத்தான் முடிக்கிறது. அதன் பெயரை யாரும் எழுதிக்கொள்வதில்லை. தன்னால் அவ்வளவு தூரம் போக முடிகிறது என்று அன்று காலை அது கண்டுபிடித்த விஷயம், தோற்றுவிட்டோம் என்ற நினைப்பில் அமுங்கிவிடுகிறது.

பரிசு செய்யும் வேலையைப் பற்றி 1973இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் லெப்பரும் இரு சகாக்களும் செய்த சோதனை பிரபலமானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய பத்திரம் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஆசையாகச் செய்துகொண்டிருந்த காரியம் கூலிக்குச் செய்யும் காரியமாக மாறிவிட்டது. கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு: சொல்லாமல் திடீரென்று பரிசு கொடுத்த குழந்தைகளுக்கு இந்தச் சரிவு வரவில்லை. பரிசில் விஷம் இல்லை. பரிசுக்காகத்தான் செய்கிறோம் என்ற எண்ணம்தான் ஆசையைத் தின்கிறது.

போட்டியால் நன்மையே நடந்த இடமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள். ஊரறியப் போட்டிகளும் ஊர்வலங்களும் நடந்தன. தெருவில் சைக்கிள் மிதித்தால் என்ன சொல்வார்களோ என்று கூசியவர்களுக்கு அந்த மேடை தேவைப்பட்டது. அங்கே போட்டி கதவைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள் ஓட்டியது தண்ணீர்க் குடத்துக்கும் வேலைக்கும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடவும். முதல் பரிசு வாங்கியவர் யார் என்று இன்று யாருக்கும் ஞாபகமில்லை, ஞாபகம் இருக்கவேண்டிய தேவையும் இல்லை.

இனி நம் மலைப்பாதைக்கு வருகிறேன். காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஏறும் உயரம் சுமார் 1,800 மீட்டர். சராசரியாக நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் ஏற்றம். கேட்க அதிகமில்லை, ஆனால் அது விடாமல் வரும் நான்கு. ஆளும் சைக்கிளும் தண்ணீரும் சேர்த்து எண்பது கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் உடம்பு சுமார் 1,400 கிலோகலோரி செலவழிக்கிறது. டம்டம் பாறை வரைக்கும் வேர்வை கண்ணில் இறங்கும். எலிவால் அருவி எதிரில் தெரியும் இடத்தில் எல்லாரும் நிற்பார்கள். அருவியைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டு மூச்சு வாங்குவார்கள். ஊத்து வரும்போது காற்று மாறும். நனைந்த பனியன் முதுகில் சில்லென்று ஒட்டும். இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்வு; ஆனால் வெளிப்பக்கம் போனால் எதிரே இறங்கும் பஸ் இருக்கும். அதனால் உள்பக்கத்திலேயே, சின்னப் பல்சக்கரத்திலிருந்து செயினைப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றி, பெடல் பெடலாக எண்ணி ஏறவேண்டும். பெருமாள்மலையில் டீ. அதற்கு மேல் வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவுகளில் கால் தானாக மிதிக்கும், மனசு வேறெங்கோ இருக்கும்.

இந்த ஏற்றத்தில் ஒரு விசேஷம் உண்டு. சமதரையில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் பெரிய உழைப்பு மிச்சம். அதனால் பந்தயக்காரர்கள் கூட்டமாகவே ஓட்டுகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் எதிரியும் ஆகிறார், உதவியும் ஆகிறார். மலையில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. இன்னொருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு பலனும் கிடைக்காது. அவரவர் எடையை அவரவரே தூக்கவேண்டும். நண்பரோடு கிளம்பினாலும் மூன்றாவது வளைவுக்குள் பிரிந்துவிடுவீர்கள். அவருடைய கால் வேறு, உங்கள் கால் வேறு. அவரைத் துரத்தினால் ஊத்துக்கு முன்பே தொடை பிடித்துக்கொள்ளும். எதிராளியை மறக்கச் சொல்லிக்கொடுக்கும் பாதை இது. நான் பல காலமாக ஏறிக்கொண்டிருப்பதற்கு அதுவே முதல் காரணம்.

மலையில் நமக்குத் துணையாக இருக்கும் கியரும் பந்தயக்காரர்கள் போராடிக் கொண்டுவந்தது அல்ல. பிரான்சில் சேன்ட் எட்டியென் ஊரில் பால் தெ விவி என்பவர் இருந்தார். வெலோசியோ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தியவர். ஊர் சுற்றுவதற்காகச் சைக்கிள் ஓட்டியவர், ஊருக்கு மேலே இருந்த மலைக் கணவாயில் விதவிதமான கியர்களை ஏறி ஏறிச் சோதித்தார். பந்தயங்களின் அதிபதியாக இருந்த ஆன்ரி தெகிராஞ்ச், 1903இல் தொடங்கிய டூர் தெ பிரான்சில் ஓட்டத்தின் நடுவே செயினை மாற்றும் கியரை நெடுங்காலம் அனுமதிக்கவில்லை. 1937இல்தான் தடை நீங்கியது. வெலோசியோ 1930லேயே போய்விட்டார். ஜெயிப்பவரின் வீரம் குறைந்துவிடும் என்று ஒரு பக்கம் பயந்துகொண்டிருந்தபோது, ஐம்பது வயதிலும் மலை ஏற வழி என்ன என்று இன்னொரு பக்கம் யோசித்துக்கொண்டிருந்தார்கள். யார் யோசித்தது நமக்குப் பயன்பட்டது என்று சொல்லவேண்டியதில்லை.

அதே பிரான்சில்தான் நான் சொல்லவந்த விஷயத்துக்குப் பெரிய ஆதாரமும் இருக்கிறது. 1891இல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை போய்த் திரும்பும் பந்தயம் நடந்தது. ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். சார்ல் தெரோன் 71 மணி 22 நிமிடத்தில் தூங்காமல் முடித்து ஜெயித்தார். பத்து வருஷத்துக்கு ஒருமுறை நடந்த அந்தப் பந்தயத்தில், 1931இல் சாதாரண ஓட்டிகளுக்கென்று தனியாக ஒரு பிரிவு வைத்தார்கள்: நேர வரம்பு மட்டும் உண்டு, பரிசு கிடையாது. பந்தயம் 1951இல் கடைசியாக நடந்தது. அதன் பிறகு தொழில்முறை வீரர்கள் போதுமான அளவு வரவில்லை. பரிசில்லாத பிரிவு மட்டும் வளர்ந்தது. நான்கு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் அதில் 2023இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். 90 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். முடித்தவர்கள் பெயர் அகர வரிசையில் வரும். ஜெயித்தவர் என்று யாரும் இல்லை.

அந்த முறையின் பெயர் பிரெவே. இந்தியாவிலும் ஆண்டு முழுக்க நடக்கிறது. 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு இருபது, 400க்கு இருபத்தேழு, 600க்கு நாற்பது மணி நேரம். கையில் ஒரு அட்டை, வழியில் கண்ட்ரோல் எனப்படும் சோதனை நிலையங்கள், ஒவ்வொன்றிலும் முத்திரை. கண்ட்ரோலுக்கு மூடும் நேரம் இருப்பதுபோலத் திறக்கும் நேரமும் உண்டு என்பது எனக்குப் பிடித்த விதி. முதல் 200 கிலோமீட்டர் வரை மணிக்கு 34 கிலோமீட்டர் கணக்கில்தான் திறக்கும். பறந்து வந்தவர் கதவு திறக்கும் வரை உட்கார்ந்திருக்கவேண்டும். வேகத்துக்கு மரியாதை இல்லாத இடம் அது. இந்தியாவிலிருந்து 2019இல் நூற்றுக்கணக்கானோர் பாரிஸ் போனார்கள். எதிர்க்காற்றும் இரவுக் குளிரும் பலரை முடிக்கவிடவில்லை. நம்மவர்கள் அதை டிஎன்எஃப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது குரலில் வெட்கம் இருக்காது. யாரிடமும் தோற்கவில்லை, கெடுவைத் தாண்டிவிட்டோம், அடுத்த தரம் பார்ப்போம் என்பதுதான் பேச்சு.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழருக்குப் பிரான்ஸ் வரைக்கும் போகவேண்டியதில்லை. இந்த மலையின் வடக்கு அடிவாரத்தில் பழனி இருக்கிறது. தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியிலிருந்து நடந்தே வருகிறது, நடந்தே திரும்புகிறது. தலைமுறை தலைமுறையாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். பூசத்துக்குள் போய்ச் சேரவேண்டும் என்ற கெடு கடுமையானது. முதலில் போய்ச் சேர்ந்தவருக்கு என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? கால் கொப்புளத்துக்கு ஊசியில் நூல் கோத்து நீரை வடித்துக்கொண்டு, எழுபது வயதில் நடக்கிறவரை எந்தக் கோப்பையும் நடக்கவைக்காது. கெடுவும் கூட்டாளிகளும் பழக்கமும் சேர்ந்து அவரை நடக்கவைக்கின்றன. பிரெவேயில் இருப்பதும் அதேதான். நம்மவர்களுக்கு அது ஒட்டிக்கொண்டதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

ஆனால் வரிசை எண் பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. ஒரே வருஷத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவருக்கு எஸ்ஆர் என்று ஒரு பட்டம். ஒருமுறை முடிப்பது பெரிய காரியம்தான். இப்போது ஒரே வருஷத்தில் எத்தனை எஸ்ஆர் என்று எண்ணுகிறார்கள். வார விடுமுறையெல்லாம் நெடுஞ்சாலையில் தூக்கமில்லாமல் கழிகிறது. முழங்கால் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன், வீட்டில் பேச்சு நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். போனில் ஓடும் ஸ்ட்ராவா என்ற செயலியும் அப்படித்தான். சாலையைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ராஜா, ஒரு ராணி என்று முடிசூட்டுகிறது. ஏற்றத்தில் அந்தக் கிரீடத்துக்கு ஆசைப்பட்டால் மூச்சு வாங்குவதோடு போகும். இறக்கத்தில் ஆசைப்பட்டால் உயிர் போகும். 2010இல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகருக்கு மேலுள்ள மலைச்சாலையில், பறிபோன தன் முதலிடத்தை மீட்க வேகமாக இறங்கிய ஒருவர் இறந்தார். அங்கே நடந்தது இங்கே நடக்க அதிக நேரம் ஆகாது. சீசனில் வண்டிக் கூட்டம் தாங்காமல் உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை வந்திருக்கும் மலை இது. மூடுபனியில் பத்தடி தெரியாது. காய்கறி லாரி வளைவை முழுக்க அடைத்துக்கொண்டு வரும். பிரேக் ஷூ தேய்ந்து ரிம் சுடும். இந்த இறக்கத்தில் நேரம் பார்க்காதீர்கள். இதை மட்டும் வேண்டுகோளாக இல்லாமல் எச்சரிக்கையாகவே சொல்கிறேன்.

பந்தயம் வேண்டுவோர்க்குப் பந்தயத்துக்கான இடம் இருக்கவேண்டும். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் சைக்கிள் ஓடுதளம் இருக்கிறது. இளம் வயதில் வேகத்தின் ருசி அறியாமல் போவதும் இழப்பே. மதுரைப் பிள்ளைகளுக்கும் திண்டுக்கல் பிள்ளைகளுக்கும் அப்படி ஒன்று பக்கத்தில் அமையவேண்டும். 2008இல் தொடங்கிய டூர் ஆஃப் நீல்கிரிஸ் இன்னொரு வழி காட்டுகிறது: நாள் முழுக்கப் பயணம், நடுவில் சில துண்டுகளுக்கு மட்டும் நேரம் எடுத்துப் பரிசு. விரும்பியவர் மோதலாம், விரும்பாதவர் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

வயதைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. பிரான்சில் 1911இல் பிறந்த ரோபேர் மார்ஷான் இளமையில் சைக்கிளில் பெரிய வெற்றி எதுவும் பெறவில்லை. நெடுநாள் விட்டிருந்து, அறுபது வயதைத் தாண்டியபின் மறுபடியும் ஏறினார். 102 வயதில் ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீட்டர் ஓட்டினார். 101 வயதிலிருந்து 103 வயதுக்குள் அவர் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 13 சதவீதம் கூடியதை வெரோனிக் பிய்யா குழுவினர் அளந்து எழுதினார்கள். அந்த இரண்டு வருஷம் அவர் ஓட்டிய விதம்தான் முக்கியம்: வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர்; அதில் 80 சதவீதம் லேசாக, 20 சதவீதம் மட்டும் கடினமாக. அந்த வயதில் அவரோடு மோத ஆள் இல்லை. ஐந்தில் நான்கு பங்கு சும்மா ஓட்டுவதற்காகவே ஓட்டினார், ஐந்தில் ஒரு பங்கு தன் பழைய நேரத்தோடு மல்லுக்கட்டினார். உடம்புக்கும் அந்த விகிதம் பிடித்திருந்தது.

கடைசியாக இரண்டு யோசனைகள். அண்ணா மிதிவண்டிப் போட்டியில் குறித்த நேரத்துக்குள் முடிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தூரத்தை எழுதி ஒரு சான்றிதழ் கொடுங்கள். பத்துப் பேருக்கான பரிசு அப்படியே இருக்கட்டும்.

இரண்டாவது இந்த ஊருக்கு. வருஷத்தில் ஒரு நாள், சீசன் இல்லாத பிப்ரவரியில், சனி ஞாயிறு தவிர்த்து, காட்ரோட்டிலிருந்து கொடைக்கு ஒரு ஏற்றம் நடத்துவோம். காலை ஆறு மணிக்குப் புறப்பாடு, ஏரிக்கரையில் பிற்பகல் மூன்று மணிக்குக் கெடு. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் கணக்குதான், பாதி தூரம் தள்ளிக்கொண்டு வந்தாலும் முடியும். டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை மூன்றிலும் கண்ட்ரோல். எந்தச் சைக்கிளும் வரலாம், அரசு கொடுத்த பள்ளிக்கூடச் சைக்கிளும் வரலாம். இறக்கத்தில் யாரும் ஓட்டவேண்டாம். சைக்கிள்களையும் ஆட்களையும் கீழே கொண்டுபோக வண்டி பேசிக்கொள்ளலாம். முடித்தவர் பெயர்களை அகர வரிசையில் அச்சிட்டு ஏரிக்கரையில் ஒட்டலாம், பக்கத்தில் நேரம் போடவேண்டாம். உங்களில் யாராவது முன்வந்து ஏற்பாடு செய்தால், டம்டம் பாறையில் முத்திரைக் கட்டையோடு நிற்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.